போனஸ் எந்தத் தேதியில்? ஒற்றை ஆள் கம்பெனிக்காரனின் காலண்டர் கணக்கு

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்குகிறது. ரெடிங்கில் நாங்கள் இட்லி அரிசி வாங்கும் கடையில் வருடா வருடம் கொடுப்பது. மேலே முருகன், கீழே பன்னிரண்டு தாள். அமாவாசையும் கிருத்திகையும் பார்ப்பது மனைவி. நான் வட்டம் போடுவது நான்கு தேதிகளுக்கு மட்டும்: ஏப்ரல் 5 சிவப்பு, ஆகஸ்ட் 31 நீலம், மே 31-ம் ஜூன் 1-ம் பச்சை.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கான்ட்ராக்டர். 2017 முதல் சொந்த லிமிடெட் கம்பெனி. டைரக்டர் நான், ஒரே ஊழியர் நான், எல்லாப் பங்கும் என் பேரில். அக்கவுண்டண்ட் இல்லாமல் முதல் சில வருடம் ஓட்டினேன், அதற்கான கூலியும் கொடுத்தேன். இங்கே எழுதுவது என்னைப் போன்ற இங்கிலாந்து ஒற்றை ஆள் கம்பெனிக்காரர்களுக்கு. ஸ்காட்லாந்தில் சம்பள வரிப் படிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் தேதிகளை எடுத்துக்கொண்டு வரித் தொகையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் உங்கள் பணத்துக்கு மூன்று வருடங்கள் உண்டு. தனி மனிதருக்கு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. 1752-ல் காலண்டர் மாற்றியபோது தொலைந்த 11 நாட்களின் மிச்சம் இது, இன்னும் அப்படியே நிற்கிறது. கம்பெனி லாபத்துக்குப் போடும் கார்ப்பரேஷன் டாக்ஸின் விகிதத்துக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, நம் ஊர் நிதியாண்டு மாதிரியே. மூன்றாவது உங்கள் கம்பெனியின் சொந்த வருடம், அது எந்த மாதத்திலும் முடியலாம். சம்பளம், போனஸ், டிவிடெண்ட் (பங்குதாரருக்கான லாபப் பங்கு) மூன்றையும் தேதி பார்த்து நகர்த்த முடிவது இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதால்தான்.

அந்த 18 நாள்

கம்பெனி பதிந்தால் இயர் எண்ட், அதாவது கணக்கு வருடம் முடியும் நாள், தானாகவே விழும்: பதிந்த மாதத்தின் கடைசி நாள், அடுத்த வருடம். நான் 2017 ஆகஸ்ட் 14-ல் பதிந்தேன். என் முதல் கணக்கு 2018 ஆகஸ்ட் 31 வரை. பன்னிரண்டு மாதமும் 18 நாளும்.

கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸுக்கு இது ஒரே கணக்கு. கார்ப்பரேஷன் டாக்ஸுக்கோ ஒரு காலம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. பதிந்த அன்றே பில் போட ஆரம்பித்திருந்ததால் ஆகஸ்ட் 13 வரை ஒரு சிடி600 (கம்பெனி வரி ரிட்டர்ன்), மீதி 18 நாளுக்குத் தனியாக இன்னொரு சிடி600. வரி கட்ட வேண்டிய நாளும் இரண்டு: 2019 மே 14, ஜூன் 1. முதல் கணக்கைக் கம்பெனீஸ் ஹவுஸில் சேர்க்கும் கெடு பதிந்த நாளிலிருந்து 21 மாதம், அதுவும் மே 14. நான் மே 31 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 150 பவுண்டு அபராதம் வந்தது, வாயை மூடிக்கொண்டு கட்டினேன்.

புதிதாகப் பதிபவர்கள் ஏஏ01 படிவத்தில் இயர் எண்டை ஒரு மாதம் முன்னே இழுத்துவிட்டால் போதும். நான் ஜூலை 31 என்று மாற்றியிருந்தால் 12 மாதத்துக்குள் அடங்கி, ஒரே ரிட்டர்னோடு முடிந்திருக்கும். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை, கட்டணமும் இல்லை.

ஒன்பது மாத ஜன்னல்

இனி விஷயம். கம்பெனி வருடம் முடிந்த பிறகு, அந்த வருட லாபத்திலிருந்து டைரக்டருக்குப் போனஸ் கொடுக்கலாம். அந்த வருடக் கணக்கில் அதை ஒதுக்கி வைத்து, வருடம் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கொடுத்துவிட்டால் செலவு பழைய வருடத்திலேயே கழிந்துவிடும். ஒன்பது மாதம் தாண்டினால் கொடுத்த வருடத்தில்தான் கழியும்.

எனக்கு ஆகஸ்ட் 31 இயர் எண்ட். ஒன்பது மாதம் என்றால் மே 31. செப்டம்பர் முதல் மே வரை நீளும் அந்த ஜன்னலுக்கு நடுவில் ஏப்ரல் 5 வந்து நிற்கிறது. ஆகவே ஒரே போனஸை ஏப்ரல் 4-ல் கொடுத்தால் என் சொந்த வரி இந்த வருடத்தில், ஏப்ரல் 8-ல் கொடுத்தால் அடுத்த வருடத்தில். கம்பெனிக்கு இரண்டிலும் கழிவு ஒன்றே. எந்த வருடத்தில் எனக்கு வருமானம் குறைவோ அந்தப் பக்கம் தள்ளலாம்.

மார்ச் 31 இயர் எண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் டிசம்பர் 31 வரை. ஏப்ரல் முதல் ஐந்து நாள் போக மீதி முழுவதும் புதிய வரி வருடத்திலேயே கிடக்கும். அந்த ஐந்து நாள் ஒரு வேடிக்கையான இடம்: கம்பெனிக்குப் புது வருடம் பிறந்துவிட்டது, டைரக்டருக்கு இன்னும் பழைய வருடம்.

2023-ல் நான் எழுதிய ஒரு வரி

ஜன்னலைப் பற்றிப் படித்த உற்சாகத்தில் நான் செய்த காரியம் இது. 2023 ஏப்ரல் முதல் கார்ப்பரேஷன் டாக்ஸ் ஏறியது. 50,000 பவுண்டு லாபம் வரை 19 சதவீதம், 2,50,000-க்கு மேல் முழு லாபத்துக்கும் 25, நடுவில் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் பவுண்டுக்கும் 26.5. என் லாபம் 50,000-ஐத் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் போனஸ் போட்டுக் குறைக்க நினைத்தேன். 2024-25-ல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் தஞ்சாவூரில் இருப்பதாகத் திட்டம், அந்த வருடம் வருமானம் குறைவு. ஆகவே போனஸை 2024 ஏப்ரலில் எடுப்போம் என்று முடிவு.

ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை இரவு. லேப்டாப்பைத் திறந்து மினிட்ஸ் (கூட்டத் தீர்மானக் குறிப்பு) எழுதினேன்: ‘2023 ஆகஸ்ட் 31-ல் முடியும் ஆண்டுக்கு டைரக்டருக்கு 15,000 பவுண்டு போனஸ் தருவதென இயக்குநர் குழு தீர்மானித்தது.’ குழு என்றால் நான்தான். கையெழுத்துப் போட்டு ஃபோல்டரில் வைத்தேன். பணத்தை 2024 ஏப்ரல் 10-ல் மாற்றினேன். சம்பள விவரத்தை வரித் துறைக்குச் சொல்லும் எஃப்.பி.எஸ். அறிக்கையை அன்றே அனுப்பினேன். எல்லாம் சரி என்று ஊருக்கு விமானம் ஏறிவிட்டேன்.

அந்த வருட ரிட்டர்னுக்காகக் கடைசியில் ஓர் அக்கவுண்டண்டைப் பிடித்தேன். அவர் மினிட்ஸைப் பார்த்துவிட்டு, “தொகையை எப்போது எழுதினீங்க?” என்று மட்டும்தான் கேட்டார்.

சாதாரண ஊழியருக்குச் சம்பளம் கிடைத்த நாள் என்பது கைக்கு வந்த நாள், அல்லது கேட்டு வாங்கும் உரிமை வந்த நாள், எது முந்தியதோ அது. டைரக்டருக்கு அதன்மேல் இன்னும் சில கொக்கிகள் உண்டு. கம்பெனிக் கணக்கில் அவர் பேரில் வரவு வைத்தாலே கிடைத்ததாக அர்த்தம். வருடம் முடியுமுன்னே தொகை முடிவாகிவிட்டால் வருடம் முடியும் நாளில் கிடைத்ததாக அர்த்தம். வருடம் முடிந்தபின் தொகை முடிவானால் முடிவான அன்றே. நான் ஆகஸ்ட் 24-லேயே 15,000 என்று எழுதிவிட்டேன். ஆக வரிச் சட்டத்தின் கண்ணில் 2023 ஆகஸ்ட் 31-லேயே அந்தப் பணத்தை வாங்கிவிட்டேன், வரி வருடம் 2023-24.

அந்த வருடத்தில் ஏற்கெனவே வருமான வரி இல்லாத 12,570 சம்பளமும் 37,700 டிவிடெண்டும் எடுத்து, கீழ்ப் படி வரி முடியும் 50,270 வரை கச்சிதமாக நிரப்பி வைத்திருந்தேன். அதற்குள் 15,000 போனஸ் நுழைந்ததும் அதே அளவு டிவிடெண்ட் மேல் படிக்குத் தள்ளப்பட்டது. 8.75 சதவீதம் கட்ட வேண்டியதற்கு 33.75. வித்தியாசம் 3,750 பவுண்டு. சம்பளத்தின் மேல் கட்டும் சமூகக் காப்பீடான நேஷனல் இன்ஷூரன்ஸும் 2023-24-ல் டைரக்டர்களுக்கு 11.5 சதவீதம், அடுத்த வருடம் 8. அதில் ஒரு 525. செப்டம்பர் 22-க்குள் கட்டியிருக்க வேண்டிய பிஏஒய்இ (சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வரி) அடுத்த மே மாதம் போய்ச் சேர்ந்ததால் அப்போதைய 7.75 சதவீதத்தில் எட்டு மாத வட்டி, 350 பவுண்டு போல. எஃப்.பி.எஸ்.-ஐத் திருத்தி அனுப்பிய வேலை தனி.

சரியாகச் செய்திருந்தால் இப்படி: ஆகஸ்டில், வருடம் முடியுமுன், ‘இந்த ஆண்டு லாபத்திலிருந்து டைரக்டருக்குப் போனஸ் உண்டு, தொகை கணக்கு முடிந்த பிறகு தீர்மானிக்கப்படும்’ என்று எழுதியிருக்க வேண்டும். கொடுப்பது உறுதி என்று அதில் இருந்தால்தான் கணக்கில் ஒதுக்க முடியும். தொகை இருந்தால் மாட்டிக்கொள்வோம். அப்புறம் ஏப்ரல் 6 தாண்டி ஒரு நாள், வரைவுக் கணக்கைப் பார்த்துத் தொகையைத் தீர்மானித்து, அன்றே பணத்தை மாற்றி, அன்றோ அதற்கு முன்போ எஃப்.பி.எஸ். அனுப்ப வேண்டும். அதுவரை டைரக்டர் லோன் கணக்கில் (கம்பெனிக்கும் எனக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் கணக்கு) ஒரு பென்னி வரவு வைக்கக் கூடாது. மினிட்ஸின் வாசகத்தை இப்போதெல்லாம் அக்கவுண்டண்டிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். தேதியைப் பின்னால் போட்டு எழுதிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஃபைலின் உள்ளே அதை உருவாக்கிய நேரம் உட்கார்ந்திருக்கும், அந்த வம்பு வேண்டாம்.

அந்தப் போனஸ் தேவைதானா?

இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தேதிக் கணக்கில் மயங்கி அடிப்படைக் கணக்கைப் போடவில்லை. 2025-26 எண்களில் போட்டுப் பார்ப்போம். லாபம் 68,000, அதை 50,000-க்கு இறக்க 18,000 செலவழிக்க வேண்டும்.

லாபத்தை அப்படியே விட்டால் அந்த 18,000-க்கு கார்ப்பரேஷன் டாக்ஸ் 4,770. மீதி 13,230. டிவிடெண்டாக எடுத்து 8.75 சதவீதம் கட்டினால் கையில் 12,072. போனஸாக எடுத்தால் கம்பெனி 15 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும், ஆக 18,000-க்குள் அடங்கும் போனஸ் 15,652. அதில் 20 சதவீத வரி, 8 சதவீத என் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் போகக் கையில் 11,269. இது அந்த வருடம் 50,270 வரை எனக்கு இடம் மிச்சம் இருக்கும்போது. 26.5 என்று பயமுறுத்தியும் டிவிடெண்டே 800 பவுண்டு முன்னால் நிற்கிறது.

இடம் இல்லாமல், டிவிடெண்டாலேயே நிரம்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். போனஸ் தானும் வரி கட்டி, டிவிடெண்டையும் மேலே தள்ளும். கையில் 7,356 மட்டுமே. டிவிடெண்டாகவே எடுத்திருந்தால் 8,765. 2023-ல் நான் மாட்டியது இந்தக் கணக்கில்.

போனஸ் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. சம்பளம் மட்டுமே 50,270-ஐத் தாண்டியவருக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் 2 சதவீதம்தான். போனஸில் 9,078, டிவிடெண்டில் 8,765. அதைவிடப் பெரிய இடம் கணவன் மனைவி இருவரும் டைரக்டராக இருந்து, இருவருமே 5,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் கம்பெனி. அவர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் கிடைக்கும், வருடத்துக்கு 10,500 பவுண்டு வரை கம்பெனியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் தள்ளுபடி. ஸ்லவில் கேட்டரிங் நடத்தும் நண்பர் வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர்களுக்கு 18,000-மும் முழுப் போனஸாக வரும், 28 சதவீதம் போனாலும் கையில் 12,960. டிவிடெண்டைவிட 900 பவுண்டு அதிகம். இந்த அலவன்ஸ் என்னைப் போன்ற ஒற்றை டைரக்டர், ஒற்றை ஊழியர் கம்பெனிக்குக் கிடையாது. நண்பர் அன்று எனக்கு ஒரு டிரே சமோசா கொடுத்தார், வருத்தத்துக்கா சந்தோஷத்துக்கா தெரியவில்லை.

2026 ஏப்ரல் 6 முதல் டிவிடெண்ட் வரி கீழ்ப் படியில் 10.75, அடுத்த படியில் 35.75 ஆகிறது. மேலே உள்ள 12,072 அப்போது 11,808 ஆகும். என் மாதிரி ஆளுக்கு அப்போதும் டிவிடெண்டே முன்னால், இடைவெளிதான் குறைகிறது.

வருடம் முழுக்க நான் செய்வது

சம்பளம் 12,570, அதற்கு மேல் போவதில்லை. டைரக்டருக்கு நேஷனல் இன்ஷூரன்ஸை வருடக் கணக்கில்தான் பார்ப்பார்கள் என்பதால் மாதா மாதம் எடுத்தாலும் மார்ச்சில் மொத்தமாக எடுத்தாலும் என் பங்கு பூஜ்யம்தான். நடு வருடத்தில் டைரக்டர் ஆனவருக்கு மட்டும் மீதி வாரங்களின் விகிதத்தில் வரம்பு சுருங்கும், முதல் வருடத்தில் மொத்தமாக எடுக்குமுன் கவனம். கம்பெனிக்கு 5,000-க்கு மேல் 15 சதவீதம், அதாவது 1,135.50. ஏன் 5,000-த்தோடு நிறுத்தக் கூடாது என்று கேட்பார்கள். கூடுதல் சம்பளமும் அந்த 1,135.50-ம் சேர்ந்து 19 சதவீதத்தில் 1,654 பவுண்டு கார்ப்பரேஷன் டாக்ஸைக் குறைக்கின்றன. நிகர லாபம் 518. அரசு ஓய்வூதியத்துக்கு ஒரு வருடமும் பதிவாகும்.

டிவிடெண்டுக்கு மார்ச் கடைசியில் உட்காருவேன். 50,270-க்குள் எவ்வளவு இடம் மிச்சம், கம்பெனியில் வரி போக எவ்வளவு லாபம் நிற்கிறது, இரண்டில் சிறியது எதுவோ அது. இடைக்கால டிவிடெண்ட் பணம் கைமாறிய நாளில், அல்லது புத்தகத்தில் உண்மையிலேயே எழுதிய நாளில் கணக்கு. செப்டம்பரில் உட்கார்ந்து ‘மார்ச் 30 டிவிடெண்ட்’ என்று எழுதுவது செல்லாது. இந்த 2026-ல் ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, வெள்ளியும் திங்களும் விடுமுறை. ஏப்ரல் 2 வியாழனன்றே மாற்றிவிட்டு வவுச்சரையும் எழுதி வைக்கப் போகிறேன். ஏப்ரல் 5-க்குள் எடுத்ததற்கு வரி 2027 ஜனவரி 31-ல். இரண்டு நாள் தள்ளி எடுத்தால் 2028 ஜனவரி 31-ல், ஆனால் 2 சதவீதம் கூடுதல். இடம் இருந்தால் முன்னால் எடுப்பதே என் கட்சி. 10,000-க்கு 200 பவுண்டு.

லாபம் 50,000-ஐத் தாண்டும்போது இப்போது போனஸ் பக்கம் போவதில்லை, பென்ஷனில் கம்பெனி பேரில் கட்டிவிடுகிறேன். நேஷனல் இன்ஷூரன்ஸ் இல்லை, அதே 4,770 கம்பெனிக்கு மிச்சம். ஆனால் பென்ஷனுக்கு அந்த ஒன்பது மாத ஜன்னல் கிடையாது. ஆகஸ்ட் 31-க்குள் பணம் பென்ஷன் நிறுவனத்துக்குப் போயிருக்க வேண்டும். வங்கி விடுமுறைத் திங்கள் அங்கேயே எங்கேயாவது வந்து நிற்கும் என்பதால் நான் 20-ம் தேதிக்கு மேல் காத்திருப்பதில்லை.

ஜூன் 1 பச்சை வட்டம் இரண்டு காரணத்துக்காக. கார்ப்பரேஷன் டாக்ஸ் கட்டும் நாள், வருடம் முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும். கம்பெனியிலிருந்து நான் கைமாற்றாக எடுத்தது ஏதாவது ஆகஸ்ட் 31-ல் பாக்கி இருந்தால் அதற்கு முன் திருப்பிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் கம்பெனி அதன்மேல் 33.75 சதவீதம் தனி வரி கட்ட வேண்டும். 2026 ஏப்ரல் 6 முதல் எடுக்கும் கைமாற்றுக்கு அது 35.75. கடனை அடைத்தபின் அந்த வரி திரும்பி வரும், ஆனால் மெதுவாக வரும்.

இயர் எண்டை மாற்றலாமா?

ஏஏ01-ல் குறைப்பது எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். நீட்டுவது பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, மொத்தம் 18 மாதத்தைத் தாண்டாமல். நீட்டினால் மறுபடி இரண்டு சிடி600 வரும் என்பதை மறக்க வேண்டாம். குறைத்தால் 50,000 வரம்பும் அதே விகிதத்தில் குறையும், ஆறு மாதக் கணக்குக்கு 25,000. வேறொரு கம்பெனியும் உங்கள் கையில் இருந்தால் வரம்பு பாதியாகப் பிரியும். கணக்கு சேர்க்கும் கெடு தாண்டிவிட்டால் மாற்ற விடமாட்டார்கள்.

ஏப்ரல் 30-ஐத் தேர்ந்தெடுத்த ஒருவரைத் தெரியும். அவருக்குக் கார்ப்பரேஷன் டாக்ஸ் பிப்ரவரி 1-ல், சொந்த வரி அதற்கு முந்தின நாள் ஜனவரி 31-ல். இரண்டு பெரிய தொகை அடுத்தடுத்த நாளில், கிறிஸ்துமஸ் செலவுக்குப் பின். மார்ச் 31 வைத்திருப்பவர்களுக்கு ஜனவரி 1, அதுவும் கிட்டத்தட்ட அதே நெரிசல். புத்தகம் எழுத மார்ச் சுலபம் என்று என் அக்கவுண்டண்ட் இரண்டு முறை சொல்லிவிட்டார். விகிதம் மாறும் வருடங்களில் நாள் கணக்குப் போட்டுப் பிரிக்கும் வேலையும் அவருக்கு மிச்சம். 2023-ல் என் கணக்கை 212 நாள், 153 நாள் என்று வெட்டியவர் அவர்தான்.

நான் ஆகஸ்டிலேயே இருக்கிறேன். ஏப்ரல் 5 ஜன்னலுக்கு நடுவில் இருப்பது எனக்குத் தேவைப்படும். அம்மாவுக்கு அடுத்த கண் அறுவை சிகிச்சை வரும்போது மறுபடி சில மாதம் தஞ்சாவூர் போக வேண்டியிருக்கும். ஜனவரியில் சொந்த வரி, ஜூனில் கம்பெனி வரி என்று நடுவில் மூச்சு விட நேரமும் இருக்கிறது. இந்த வருடம் மே 31 ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் அதை அடித்துவிட்டு 29 வெள்ளிக்கு வட்டம் போட்டிருக்கிறேன்.